வேலை செய்யுது, தொடாதே

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைக் கண்டால் சிலருக்குக் கை அரிக்கும். இந்த லிஃப்ட் மெக்கானிக் அந்த ரகம். பகலெல்லாம் ஊரார் கட்டடங்களில் நின்றுபோன லிஃப்டுகளை ஓடவைப்பான். வீட்டுக்கு வந்தால் ஓடுகிறவற்றைப் பிரித்து நிறுத்திவைப்பான். மிக்ஸி, வாசல் மணி, சுவர்க்கடிகாரம் எதுவும் அவன் கையிலிருந்து தப்பியதில்லை. தங்கை அவனுக்குத் திருப்புளி என்று பேர் வைத்திருந்தாள். அண்ணா என்று கூப்பிடுவதெல்லாம் வெளியாட்கள் இருக்கும்போது மட்டும்தான்.

தங்கைக்குப் பதினோரு வயதில் வலிப்பு வந்தது. மாத்திரைக்குப் பாதி அடங்கியது, பாதி அடங்கவில்லை. பெரும்பாலும் தூக்கத்தில்தான் வரும். குப்புறப் புரண்டு முகம் தலையணையில் புதைந்துவிட்டால் மூச்சு முட்டிவிடும், அதுதான் வீட்டின் பயம். யாராவது உடனே ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டால் போதும், சற்று நேரத்தில் தெளிந்து எழுந்து காபி கேட்பாள். அந்த "உடனே" என்ற சொல்லுக்காக அண்ணன் ஒரு மணி செய்தான்.

பார்வைக்கு லட்சணமான சாதனம் இல்லை. உடைந்த பொம்மையிலிருந்து எடுத்த பித்தளைத் தகடு ஒன்று அவள் மெத்தைக்கு அடியில் கிடக்கும். மெத்தை அதிர்ந்தால் தகட்டில் துளி மின்சாரம் பிறக்கும். பத்து நொடி விடாமல் அதிர்ந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அறையில் பஸ்ஸர் அலறும். நடுவில் ஒரு ரோஸ் நிறச் சோப்பு டப்பா. அதற்குள் எந்தக் கடையிலும் கிடைக்கிற எட்டுக்கால் ஐசி ஒன்று, நாலைந்து ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், ஒரு பச்சை விளக்கு. ஒன்பது வருஷமாக அது ஓடியது. நாற்பது தடவைக்கு மேல் அவளுக்கு உயிர் கொடுத்திருக்கிறது.

அதற்கு ஒரே ஒரு குறை உண்டு. வலிப்புக்கும் சிரிப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. தங்கையோ சிரிக்க ஆரம்பித்தால் கட்டில் குலுங்கும்படி சிரிக்கிறவள். துணி துவைக்கும் மெஷின் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே போனில் புகார் வாங்குவது அவள் வேலை. மெஷினுக்குள் பூனை போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது, கம்பெனியிலிருந்து ஆள் அனுப்புங்கள் என்று ஒருவர் கேட்டிருப்பார். அதைப் படுக்கையில் நினைத்துக்கொள்வாள். பஸ்ஸர் அலறும். அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவான். அவனைப் பார்த்து இன்னும் சிரிப்பாள்.

"சிரிச்சா ஓடி வர்றதுக்கு எனக்கு ஆள் இருக்கு. எந்த மகாராணிக்கு இருக்கு சொல்லு?"

அவளுக்கு அது குறையாகவே படவில்லை. அவனுக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று தடவை அதைத் திருத்தப்போய் மூன்று தடவையும் கெடுத்து, கடைசித் தடவை ஒரு வாரம் முழுக்க அவன் மனைவி நாத்தனாரின் அறையில் பாய் போட்டுப் படுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு மனைவி ஒரு சட்டம் போட்டாள். எந்தப் புதுச் சாமான் வந்தாலும் சரி, பழசும் புதுசும் ஒரு வாரம் சேர்ந்தே ஓட வேண்டும். அதுவரை பழசைக் கழற்றக் கூடாது. தங்கை ஒரு துண்டுக் காகிதத்தில் சிவப்பு மையால் "வேலை செய்யுது, தொடாதே" என்று எழுதிச் சோப்பு டப்பாவின் மேல் ஒட்டினாள். அண்ணனும் அடங்கித்தான் இருந்தான்.

அவன் உதிரிபாகம் வாங்கும் எலக்ட்ரானிக்ஸ் கடையை ஒரு பெண் நடத்திவந்தாள். நூற்றுக்கணக்கான சின்ன இழுப்பறைகளில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவாள். ஒரு நாள் அவள் ஒரு பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்தாள். "அண்ணா, புதுசா வந்திருக்கு. அசைவு சென்சார். எப்படி அசையுது, எந்த வேகத்துல அசையுதுன்னு எல்லாம் பிரிச்சுச் சொல்லுமாம்." அரிசி மணி அளவுதான் இருந்தது. கால்களெல்லாம் வயிற்றுக்கு அடியில். ஈயம் உருக்கி ஒட்டும் சாதாரண சால்டரிங் அயர்னுக்கு மசியாது என்று சொல்லி, சுடுகாற்றால் ஈயத்தை உருக்கும் கன் ஒன்றையும் இரவலாகக் கொடுத்தாள். வலிப்பு ஒரு தாளத்தில் அதிரும், சிரிப்புக்குத் தாளமே கிடையாது. இது இரண்டையும் பிரித்துவிடும் என்று அவனுக்கு அங்கேயே பளிச்சென்று தோன்றிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குள் பேசிக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். ஆறு மணிக்குத்தான் வருவாள். புது போர்டு முக்கால்வாசி தயார். ஆனால் சுவரில் இருந்தது ஒரே ஓட்டை, அதன் வழியே போவது ஒரே ஒயர். பழசிலிருந்து அதைக் கழற்றினால்தான் புதுசைச் சோதித்துப் பார்க்க முடியும். அவன் தங்கையின் அறை வாசலில் போய் நின்றான்.

"அரை மணி நேரம் கழட்டிக்கிறேன்."

"அண்ணி போட்ட சட்டம் என்னாச்சு?"

"அண்ணி வர்றதுக்குள்ள மாட்டிடுவேன். நீ தூங்காம இருந்தா போதும்."

அவள் யோசித்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பொம்மைக்கு அடம்பிடிக்கும் குழந்தையின் முகம்தான் அது, நாற்பது வயதிலும். "சரி, நான் புஸ்தகம் படிக்கிறேன். நடுநடுவுல கூப்பிடுவேன், நீ பதில் சொல்லணும். அரை மணின்னா அரை மணி" என்றாள்.

அரை மணி ஒன்றரை மணி ஆயிற்று, இரண்டேகால் மணி ஆயிற்று. புதுச் சாமான் எதுவும் முதல் தடவையே பேசிவிடுவதில்லை. நாலேகாலுக்கு அது பேசியது. கம்ப்யூட்டர் திரையில் அழகான அலை வந்தது. அதைக் காட்டத்தான் அவன் எழுந்து தங்கையின் அறைக்குப் போனான். புத்தகம் தரையில் கிடந்தது. அவள் குப்புறக் கிடந்தாள்.

திருப்பிப் போட்டான், மார்பில் அழுத்தினான், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான், மறுபடி அழுத்தினான். வந்தவர்கள் அவனை விலக்கிவிட்டுத் தாங்களே செய்தார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், சீட்டு எடுத்து வாருங்கள் என்றார்கள். சீட்டு இருந்தது அவன் அறை மேஜையில். அங்கே போனவனின் கைகள், அவனைக் கேட்காமலே, ஒயரைப் பழைய டப்பாவில் மாட்டி, டப்பாவைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டன. பச்சை விளக்கு எரிந்தது. லிஃப்ட் வேலையில் திறந்த பேனலை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது, அந்தப் பழக்கம்தான் என்று பிற்பாடு தனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தான். அது பாதி உண்மை.

மனைவி வந்தபோது வீடு நிறைய ஆட்கள். அவள் நாத்தனாரின் காலடியில் உட்கார்ந்து அழுதாள், எழுந்தாள், அவன் அறைக்குப் போனாள், டப்பாவைப் பார்த்தாள்.

"இது அடிக்கலையா?"

"அடிக்கல" என்றான் அவன்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மிச்சத்தை மற்றவர்களே பேசிக்கொண்டார்கள். மெஷின்தானே, ஒன்பது வருஷம் உழைத்தது, ஒரு நாள் காலை வாரிவிட்டது, நீ என்னப்பா செய்வாய் என்று தோளில் கை வைத்தார்கள். கூட வேலை செய்கிறவர்கள் ஒரு படி மேலே போய், தங்கைக்காக இப்படிப் பாடுபட்ட அண்ணன் உண்டா என்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் போகும்போது அவன் நெஞ்சில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனார்கள், பாவம், அவர்களுக்குத் தெரியாது.

மனைவி தன் ஆத்திரத்தையெல்லாம் அந்த டப்பாவின் மேல் கொட்டினாள். நாத்தனாரும் அவளும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி. அவன் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் அவனைக் கிண்டல் செய்தே பொழுதைப் போக்குகிறவர்கள். எட்டாம் நாள் டப்பாவைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பரணில் எறிந்தாள். "கண்ணுல படக்கூடாது. நம்ப வச்சுக் கழுத்தறுத்த சனியன்" என்றாள். நல்ல சாமான் ஒன்று செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கியது. அவன் வாயைத் திறக்கவில்லை.

சொல்ல வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது சொல்லிவிடலாம் என்று இருக்கும். காபி வைத்துக் கொடுக்கும்போது, சரி, சாயங்காலம் என்று தள்ளிப்போகும். சொன்னால் தங்கை திரும்பி வரப்போகிறாளா என்று ஒரு பக்கம் மனசு வக்காலத்து வாங்கும். உண்மையான காரணம் அவனுக்குத் தெரியும். தங்கை போய்விட்டாள், இனி அவனுக்கு இருப்பது இவள் ஒருத்திதான். இவளும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தான்.

இப்படியே ஏழு வாரம் ஓடிவிட்டது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்காரப் பெண் வீட்டுக்கு வந்தாள். ஏற்கெனவே ஒரு தடவை துக்கம் விசாரித்துவிட்டுப் போனவள். இந்தத் தடவை நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, கேக்கறதுக்கே கூச்சமா இருக்கு. என் பொண்ணுக்கு ஏழு வயசு. ரெண்டு மாசமா அவளுக்கும் வருது. தூக்கத்துலதான். நானும் எத்தனை நாள்தான் முழிச்சிருப்பேன். அண்ணா செஞ்ச மாதிரி ஒண்ணு..."

அண்ணி என்று அந்த வீட்டில் கூப்பிடுகிறவள் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. மனைவியின் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. உங்க நல்லதுக்குச் சொல்றேன். அந்த மெஷினை மட்டும் நம்பாதீங்க. எங்களுக்கு அது என்ன பண்ணுச்சுன்னு தெரியும்ல? பக்கத்துலயே படுத்துக்கோங்க. டாக்டர்கிட்ட வேற ஏதாவது கேளுங்க. இதை வச்சுக்கிட்டு நிம்மதியா தூங்கிடாதீங்க."

"சரி அண்ணி" என்று அந்தப் பெண் மெல்ல எழுந்தாள். செருப்பு போட வாசலுக்குப் போனாள்.

அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். இன்னும் நாலு எட்டு வைத்தால் அவள் படி இறங்கிவிடுவாள். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அந்தக் குழந்தை மட்டும் மணி இல்லாமல் தூங்கும்.

"அது ஏமாத்தல" என்றான்.

இருவரும் திரும்பினார்கள்.

"அது நல்ல மெஷின். அன்னைக்கு அதுல ஒயரே இல்ல. நான் கழட்டி வச்சிருந்தேன். புது சென்சாரை மாட்டிப் பார்க்க. அவ போனதுக்கு அப்புறம் திரும்ப மாட்டினேன்."

கடைக்காரப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த சென்சாரை நான்தானே அண்ணா குடுத்தேன்?"

"நீ குடுத்தது சாமான்மா. கழட்டினது என் கை."

மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் குரல் ஏறவே இல்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். முழிச்சிருக்கேன்னு சொன்னா. நடுநடுவுல கூப்பிட்டா."

"எத்தனை தடவை?"

"நாலு." அவன் அதை எண்ணிவைத்திருந்தான். "ஆச்சாடா திருப்புளின்னு கேட்டா. இதோ, இதோன்னு சொன்னேன். நாலாவது தடவை எரிஞ்சு விழுந்தேன். அப்புறம் கூப்பிடல."

"கூப்பிடலைன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

நீங்கள் போய் நீ வந்ததை அவன் கவனித்தான். பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடலாம், யாரும் நம்புவார்கள். ஏழு வாரமாக அவனை உள்ளேயே அரித்தது கழற்றி வைத்ததுகூட இல்லை, இதுதான்.

"தெரிஞ்சுது. சத்தம் இல்லைன்னு தெரிஞ்சுது. அப்பாடா, இனிமே நிம்மதியா வேலை பார்க்கலாம்னு நினைச்சேன்."

மனைவி உள்ளே போய் நாத்தனாரின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைக்காரப் பெண், "ஞாயித்துக்கிழமை வாங்கண்ணா, கடை மாடியிலதான் வீடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த மூன்று நாளும் அந்த வீட்டில் பேச்சே இல்லை. சாப்பாடு மேஜைக்கு வந்தது, தட்டு கழுவப்பட்டது. அவள் அந்த அறையிலேயே படுத்தாள். ஞாயிறு காலை அவன் பரணிலிருந்து டப்பாவை இறக்கினான். சிவப்பு மைக் காகிதம் ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது. தூசி துடைத்தான், ஒயரை மாட்டினான், தகட்டைக் கையால் பத்து நொடி குலுக்கினான். பஸ்ஸர் அலறியது. அத்தனை நாள் பரணில் கிடந்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே எதையும் மாற்றாமல், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல், பையில் வைத்தான். வாசலுக்கு வந்தால் மனைவி செருப்பு போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கடை மாடியில் இரண்டே அறைகள். ஜன்னலோரம் குழந்தையின் கட்டில். தகட்டை மெத்தைக்கு அடியில் வைத்து, கதவு இடுக்கு வழியாக ஒயரை அடுத்த அறைக்கு இழுத்தான். ஒயர் நீளம் போதவில்லை, ஒரு ஜாயின்ட் போட்டுச் சால்டர் வைக்க வேண்டியிருந்தது. குழந்தையைக் கட்டிலில் படுக்கச் சொன்னான். "அசையாம படுத்திரு. மாமா சொல்றவரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது." கடைக்காரப் பெண் கீழே யாரோ கூப்பிட்டார்கள் என்று போயிருந்தாள். மனைவி சமையற்கட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் அடுத்த அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து சால்டரிங் அயர்னைச் சூடாக்கினான்.

"மாமா, ஆச்சா?"

கை அப்படியே நின்றது. எந்தக் குழந்தையும் கேட்கிற கேள்விதான். "இல்லம்மா" என்றான்.

"மாமா, ஆச்சா?"

"இல்ல. இந்த ஒயர் மட்டும்."

மூன்றாம் தடவை கேட்டாள், பதில் சொன்னான். நாலாம் தடவை ராகம் போட்டுக் கேட்டாள், அதற்கும் சொன்னான். ஜாயின்டில் ஈயம் உருகி ஓட ஆரம்பித்தது. அது ஆறும்வரை ஒயரை அசைக்கக் கூடாது. அவன் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அடுத்த அறையில் சத்தம் இல்லை.

ஸ்டூல் கவிழ்ந்து விழுந்தது. அயர்ன் தரையில் எங்கோ போயிற்று. அவன் கதவை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

குழந்தை மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கூரை மூலையில் ஒரு பல்லி, இன்னொரு பல்லியின் வாலைக் கவ்விக்கொண்டிருந்தது.

"ஷ்ஷ்" என்றாள் குழந்தை. "ஓடிடும். ஏன் மாமா ஓடி வர்றீங்க?"

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்து, மெத்தை விளிம்பில் நெற்றியை வைத்து அழுதான். தங்கை போன நாளிலும் அவனுக்கு அப்படி அழுகை வரவில்லை. குழந்தை பயந்துபோய் அவன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தது.

ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்டு மனைவியும் ஓடிவந்திருந்தாள். வாசலில் நின்று பார்த்தாள், எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மூன்று நாளைக்குப் பிறகு பேசினாள்.

"போய் முடிங்க. நான் இவகூட உக்காந்திருக்கேன்."

அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான். ஆறு மணிவரை காத்திருந்தால், இப்படிச் சொல்ல ஒரு ஆள் வந்திருப்பாள். அது இருவருக்கும் தெரிந்தது. அவன் எழுந்து போய் அயர்னைத் தேடி எடுத்தான். தரையில் ஒரு தீய்ந்த கோடு விழுந்திருந்தது. ஜாயின்டை மறுபடி உருக்கி, ஆறும்வரை பிடித்து, ஒயரை டப்பாவில் மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல் கேட்டது. "இந்த மெஷின் முன்னாடி ஒரு அத்தைகிட்ட இருந்துச்சு. அந்த அத்தைக்கு ஒரு நாள் ஒருத்தர் போன் பண்ணி, எங்க வீட்டுத் துணி துவைக்கிற மெஷினுக்குள்ள பூனை போய் உக்காந்துக்கிச்சு, வெளிய வரமாட்டேங்குது, ஆள் அனுப்புங்கன்னு..." குரல் அங்கே உடைந்தது, சமாளித்துக்கொண்டு மேலே போயிற்று. குழந்தை முதலில் கிளுக்கென்றது. பிறகு அடக்கமாட்டாமல், கட்டில் கிறீச்சிட, சிரிக்கத் தொடங்கியது.

அவன் மனதுக்குள் எண்ணினான். பத்து வந்ததும் பஸ்ஸர் அலறியது.

வெறும் சிரிப்புதான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினான்.